ஆயுதத்துக்கு ஒரு பகடையா, ஆளுக்கு ஒரு பகடையா?

சொந்தமாக ஒரு ஃபேன்டஸி டேபிள்டாப் ஆட்டம் (மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு வேடமேற்று ஆடும் கதை ஆட்டம்) எழுத உட்காருகிறவர்கள் முதலில் எழுதுவது ஆயுதப் பட்டியலைத்தான். கடைசிவரை அடித்துத் திருத்திக்கொண்டே இருப்பதும் அதைத்தான். வழிகள் மூன்று. ஒவ்வொரு ஆயுதத்துக்கும் தனிப் பகடை. ஆயுதத்தையும் கவசத்தையும் மோதவிட்டுப் பார்க்கும் அட்டவணை. ஏந்தியிருப்பவரின் கிளாஸுக்கு, அதாவது வீரன், திருடன், மந்திரவாதி என்ற வகைக்கு, ஒரு பகடை, ஆயுதத்துக்கு வெறும் குறிச்சொற்கள். என் விதிகளுக்கு மூன்றாவதை எடுத்தேன். அதனால் இந்த அலசலின் தராசு நேராக நிற்காது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அட்டவணையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1971-ல் வந்த செயின்மெயில் போர் விதிகளிலேயே அது உண்டு. 1978-ன் அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஆர்மர் கிளாஸ் (எதிரியை அடிப்பது எவ்வளவு கடினம் என்று சொல்லும் எண்) 2 முதல் 10 வரை ஒன்பது கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு கூட்டல் கழித்தல். அதுபோக நீளம், வேகம், பெரிய உருவத்துக்குத் தனி டேமேஜ் (அடி பட்டால் உண்டாகும் சேதம்). நீள்வாள் மனிதனுக்கு டி8 (எட்டு முகப் பகடை), பெரிய மிருகத்துக்கு டி12. குத்துவாளோ மனிதனுக்கு டி4, பெரியதற்கு டி3. படிக்க அருமையாக இருக்கும். மேஜையில்தான் சிக்கல். ட்ரோல் என்ற பூதத்தின் ஆர்மர் கிளாஸ் 4. சங்கிலிக் கவசமும் கேடயமும் ஏந்தியவனின் எண்ணும் அதுவே. ட்ரோல் உடம்பில் இருப்பதோ வெறும் தோல். அந்தத் திருத்தங்கள் கவசத்தின் வகைக்குத்தான், எண்ணுக்கு அல்ல என்று நூலே பிறகு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு பேர் மட்டும் மோதும் வாள்சண்டை ஆட்டத்துக்கு இந்த முறை இன்றும் பொருந்தலாம். ஆறு கோப்ளின் (குட்டிப் பூதங்கள்) பாயும் குகைக்கு ஆகாது.

ஆயுதத்துக்கு ஒரு பகடை என்பது எல்லோருக்கும் பழகியது. 1974-ன் முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் கத்தியோ கோடாரியோ, பட்டால் ஒரு டி6 அவ்வளவுதான். மறு ஆண்டே கிரேஹாக் என்ற துணைநூல் ஆயுதவாரியாகப் பகடையைப் பிரித்தது; அந்தப் பழக்கம் இன்றுவரை தொடர்கிறது. இதன் பலம் நேர்மையானது: பெரிய கோடாரி பெரிய பகடையை உருட்டுகிறது, யாருக்கும் விளக்க வேண்டாம்.

பலவீனம் கணக்கில் இருக்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பில் கோப்ளினுக்கு 7 ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி). உங்கள் வீரனுக்குப் பலத்தால் +3 என்றால், பகடையில் 4 விழுந்தாலே கோப்ளின் காலி. டி4 குத்துவாளில் அது 25 சதவீதம். டி8 வாளில் 62.5. டி12 கோடாரியில் 75. 2டி6 (இரண்டு டி6-ன் கூட்டுத்தொகை) பெருவாளில் 92 சதவீதத்துக்குப் பக்கம். சராசரியைப் பார்த்தால் கோடாரிக்கு 6.5, பெருவாளுக்கு 7, அரைப் புள்ளிதான் வித்தியாசம்; ஒரே அடியில் கொல்வதில் மட்டும் எவ்வளவு தூரம் பாருங்கள். இதை ஒருவர் கணக்குப் போட்டுவிட்டால் போதும், அடுத்த வாரம் மேஜையில் குத்துவாளே இருக்காது. அழகான பெயர்களோடு முப்பது ஆயுதம் எழுதியிருப்பீர்கள், புழங்குவது நான்கு.

அதே 2014 பதிப்பின் திரிசூலம் இதற்கு நல்ல பாடம். டேமேஜ் டி6, இரு கையால் பிடித்தால் டி8, எறியலாம். ஈட்டிக்கும் அச்சு அசல் அதே எண்கள். ஆனால் ஈட்டி 1 பொற்காசு, பெரும்பாலான கிளாஸ்கள் ஏந்தலாம். திரிசூலம் 5 பொற்காசு, கனமும் அதிகம், போர்ப்பயிற்சி வேறு வேண்டும். செத்த வரி. 2024 பதிப்பில் அதை டி8, டி10 என்று ஏற்றித்தான் உயிர் கொடுத்தார்கள். ஆயுதத்தை ஒற்றைப் பகடையால் மட்டும் பிரித்தால் இருப்பது டி4, டி6, டி8, டி10, டி12 என்ற ஐந்து படிகள்தான். ஆறாவது ஆயுதம் எழுதும்போதே ஒன்று இன்னொன்றின் நிழலாகிவிடும்.

எனக்கு முடிவைத் தந்தது இதுகூட இல்லை, பராமரிப்புச் செலவு. ஒரு விதி மேஜையில் எத்தனை முறை புத்தகத்தைத் திறக்க வைக்கிறது, ஒரு புது ஆயுதம் சேர்க்க எத்தனை கட்டம் நிரப்ப வேண்டும் என்ற இரண்டும்தான் அந்தச் செலவு. நான்கு வீரர்கள், ஆறு கோப்ளின்கள், நான்கு சுற்று: அதிகபட்சம் 40 தாக்குதல். ஒவ்வொன்றிலும் 'இதுக்கு எந்தப் பகடை, என்ன கூட்டணும்' என்று பத்து விநாடி போனால் 400 விநாடி, ஏறக்குறைய ஏழு நிமிடம். ஒரு மாலையில் மூன்று சண்டை வந்தால் இருபது நிமிடம் பட்டியல் பார்ப்பதிலேயே போய்விடும்.

ஆள் பகடையில் இந்தச் செலவு கிட்டத்தட்ட இல்லை. டன்ஜன் வேர்ல்டு என்ற ஆட்டத்தில் ஃபைட்டருக்கு எப்போதும் டி10, தீஃபுக்கு டி8, விஸார்டுக்கு டி4. கையில் இருப்பது வாளா, உடைந்த நாற்காலிக் காலா என்பது டேமேஜை அநேகமாகத் தொடாது. என் விதிகளில் ஆட்டக்காரர் அடிக்க டி20, டேமேஜுக்குத் தன் பகடை என்று இரண்டை எதிரில் வைத்துக்கொண்டால் அன்று முழுக்க அதுவே போதும். ஆயுதங்களுக்கிடையே வேறுபாட்டைக் குறிச்சொற்கள் பார்த்துக்கொள்கின்றன.

நான் வைத்திருக்கும் குறிச்சொற்கள் ஆறு. நீளம்: குட்டை ஆயுதத்தோடு நெருங்குபவரை முதலில் அடிப்பது நீங்கள், அவர் உள்ளே புகுந்துவிட்டால், விலகும்வரை நீங்கள் டி20-ஐ இருமுறை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். நெருக்கம்: கட்டிப்பிடித்த நிலையிலும் குறுகிய சந்திலும் தடையில்லாமல் வீசலாம். ஒளிவு: மேலோட்டமாகச் சோதனை போடும் காவலாளி கண்ணில் படாது. கனம்: தகட்டுக் கவசம் ஒவ்வோர் அடியிலும் 2 குறைக்கும், கனமான ஆயுதத்துக்கு அந்தக் குறைப்பு கிடையாது. பரவல்: அருகில் நிற்கும் எல்லோரையும் தொடும். இருகை: டேமேஜ் பகடையை இருமுறை உருட்டிப் பெரியதை எடு. டி8-ல் சராசரி 4.5-லிருந்து 5.8 ஆகும், உச்சம் 8-ஐத் தாண்டாது. எதிர்ப்பக்கத்தில் கேடயம் ஆர்மர் கிளாஸுக்கு +2 தருகிறது. பாதிக்குப் பாதி படக்கூடிய அடி 40 சதவீதமாகிறது, அதாவது வாங்கும் அடியில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். இருகைக்கும் கேடயத்துக்கும் பலன் ஏறக்குறைய சமமாக விழுவதால் எதை ஏந்துவது என்பது உண்மையான தேர்வாகிறது.

புது ஆயுதம் சேர்ப்பதுதான் சோதனை. சுருள்வாளை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணை முறையில் ஒன்பது கட்டம் நிரப்ப வேண்டும், அந்த எண்களுக்கு ஆதாரம் உங்கள் ஊகம்தான். பகடை முறையில் டி6 அல்லது டி8 என்று எழுதலாம், அதில் சுருள்வாள் எங்கே இருக்கிறது? குறிச்சொல்லில் இரண்டே சொல்: ஒளிவு, பரவல். இடுப்பில் கச்சை போலச் சுற்றிக்கொண்டு அரண்மனைக்குள் போகலாம்; உருவிச் சுழற்றினால் பக்கத்தில் நிற்கும் நண்பனும் தப்ப மாட்டான். மேஜையில் யாரும் எதையும் திருப்பிப் பார்க்கவில்லை.

இது கெட்டுப்போகும் விதமும் தெரிந்ததுதான். குறிச்சொல்லுக்குள் எண் புகுந்த நாளிலிருந்து அது அட்டவணைதான். 'கூர்மை +1' என்று ஒன்றை அனுமதித்தால் அடுத்த மாதம் 'மிகக் கூர்மை +2' வந்து நிற்கும். ஓர் ஆயுதத்துக்கு இரண்டு குறிச்சொல் என்ற வரம்பைத் தளர்த்தாதீர்கள். அடி படும்போதெல்லாம் கூடுதலாக இன்னொரு உருட்டல் கேட்கும் குறிச்சொல்லும் வேண்டாம். 2024 பதிப்பின் எட்டு மாஸ்டரிகளில் (ஆயுதங்களின் தனித்திறன்கள்) 'டாப்பிள்' அப்படித்தான்: பட்ட ஒவ்வொரு முறையும் எதிரியைக் கான்ஸ்டிடியூஷன் சேவ் (உடல் தாங்குகிறதா என்ற சோதனை) உருட்ட வைக்கலாம். ஒரே சுற்றில் மூன்று முறை அடிப்பவர் கையில் அது போனால் மற்றவர்கள் போனை எடுத்துவிடுவார்கள்.

இன்னொரு முனகலும் வரும்: 'விஸார்டு பெருவாளைத் தூக்கினாலும் டி4-தானா?' ஆமாம். பகடை காட்டுவது இரும்பின் எடையை அல்ல, கையின் பழக்கத்தை. இதை விதிநூலின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டால் பாதி வாக்குவாதம் குறையும்.

மறுக்க முடியாத இழப்பு புதையலில்தான். பகடை முறையில் 'டி8 போய் டி10 கிடைத்தது' என்பதே ஒரு குஷி. இங்கே அது இல்லை. பேய்க்கும் படும் வாள், உருவினால் ஒளிரும் வாள் என்று புதையலையும் குறிச்சொல்லாகவே எழுத வேண்டியிருக்கிறது. பத்துப் பன்னிரண்டு அமர்வுவரை இது நன்றாகவே தாங்கும். இரண்டு மூன்று வருடம் ஓடும் கேம்பெய்னில் ஆட்டக்காரர்களுக்கு அலுக்குமா என்பதில் என் கை அவ்வளவு பழகவில்லை.

வில்லுக்கும் இதே விதிகள்தான், அம்புக் கணக்கு மட்டும் தனி. ஒவ்வோர் அம்பாக அழிப்பதற்குப் பதில் அம்புக்கூட்டுக்கு ஒரு டி8 கொடுங்கள். சண்டை முடிந்ததும் ஒருமுறை உருட்டி, 1 அல்லது 2 விழுந்தால் டி6-க்கு இறக்குங்கள், பிறகு டி4, பிறகு காலி. சராசரியாக ஒன்பது சண்டை தாங்கும். அதற்குள் ஊர் வந்துவிடாவிட்டால் வில்லாளிக்கு ஒரு கத்தியும் கொடுத்து வையுங்கள். நெருக்கம், ஒளிவு என்று இரண்டு சொல் போதும், பகடை அவருடையதேதான்.