பூச்சி டப்பாவும் கணக்கும்: இரண்டு வருடம் கழித்து

பூச்சிகளை வைத்துக் கணக்குச் சொல்லித்தர, மகளுக்கு நாலு வயதில் ஆரம்பித்தோம். இப்போது அவளுக்கு ஆறு.

முதலில் வாங்கிய பிளாஸ்டிக் பூச்சி செட் வீண். அதில் எறும்புக்கு நாலே கால்! ஒரு வாரம் நிறம் பிரித்து விளையாடியதோடு சரி. இன்றுவரை உழைப்பது மூடியில் லென்ஸ் வைத்த சின்ன டப்பாதான்.

டப்பாவுக்குள் எறும்பு நிற்கவே நிற்காது. கால்களை எண்ணி முடிப்பதற்குள் திரும்பிவிடும். ஒருநாள் சலித்துப்போய், "ஒரு பக்கம் மூணு இருக்கும்மா, அப்போ அந்தப் பக்கமும் மூணுதான்" என்றாள். இரட்டிப்பு அப்படித்தான் வீட்டுக்குள் வந்தது. ஆறாம் வாய்ப்பாடும் எறும்பு வரிசையில்தான் ஏறியது.

எட்டுக்கால் பூச்சிக்குப் பேரிலேயே விடை இருக்கிறது. வம்பும் அங்கேதான். ஆறு காலும் மூன்று பாகமாக உடலும் இருந்தால்தான் பூச்சி, சிலந்திக்கு உடல் இரண்டே பாகம் என்றேன். "அப்புறம் ஏன் பூச்சின்னு பேர் வெச்சாங்க?" பதில் இல்லை. நோட்டில் "ஆறு", "ஆறு இல்லை" என்று இரண்டு பத்தி போட்டாள். மரவட்டை இரண்டாவதில், எண்ணிக்கைக்குப் பதில் "நிறைய".

ஒருமுறை ஜன்னலில் வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்திருந்தது. "நாலு கால்" என்றாள். சரியாக எண்ணு என்று அதட்டினேன். மறுபடியும் நாலு. குனிந்து பார்த்தால் நாலேதான். பிறகு படித்துத்தான் தெரிந்தது, சில வகைகளில் முன்னங்கால் இரண்டும் சிறுத்து, மார்போடு மடங்கியிருக்குமாம், நடக்க உதவாது. மன்னிப்புக் கேட்டேன். "தெரியறது நாலு, ஒளிஞ்சிருக்கிறது எத்தனை?" என்ற விளையாட்டு அன்று பிறந்தது. கழித்தலுக்கு நான் செய்த வேறெந்த முயற்சியும் இந்த அளவுக்குப் பலிக்கவில்லை.

குறையும் உண்டு. பத்து, நூறு என்று இடமதிப்பு இதில் வராது, அதற்குக் குச்சிக்கட்டுதான். சிறகின் சமச்சீரைக் காட்ட காகிதம் மடித்து வண்ணம் தீட்டினோம். மேசை பாழானதுதான் மிச்சம். கம்பளிப்பூச்சியைக் கையால் தொடவிடுவதில்லை, அரிப்பு எடுக்கும். எதுவானாலும் பத்து நிமிடத்தில் திறந்துவிட வேண்டும். ஒரு பொறிவண்டை வெயிலில் மறந்துவிட்டேன். அன்று கணக்கு நடக்கவில்லை.

போன வாரம் ஒரு கால் உதிர்ந்த வெட்டுக்கிளி கிடைத்தது. எந்தப் பத்தி என்று வெகுநேரம் யோசித்தாள். கடைசியில் "ஆறு" பத்தியிலேயே எழுதி, பக்கத்தில் 6 − 1 என்று போட்டாள்.