ஏழடி கிராண்ட் பியானோக்கள்: மந்தரத்தில் மயங்காதீர்கள், ஆறாவது ஆக்டேவைக் கேளுங்கள்

பல வருடம் புழங்கிய ஏழடி கிராண்ட் ஒன்றுக்குப் போன மாதம்தான் சுத்தியல்களை இழைத்து முழு வாய்சிங் (சுத்தியல் ஃபெல்ட்டைச் சீராக்கி நாதத்தைச் செம்மைப்படுத்தும் வேலை) முடிந்தது. அதைக் கேட்ட நண்பர் கேட்டார்: ஸ்டைன்வே பி, பூசன்டார்ஃபர் 214விசி, ஃபாட்சியோலி எஃப்212, ஷிகெரு கவாய் எஸ்கே-6, இந்த நான்கில் எதன் நாதம் மேல்? நான்குமே 211 முதல் 214 சென்டிமீட்டர் நீளம். மரம், ஆக்‌ஷன் (கட்டையை அழுத்தினால் சுத்தியலை இயக்கும் பொறி), தந்தி விவரமெல்லாம் விவரத்தாளில் இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் இங்கே பேச்சு. நடு சி-யை சி4 என்று கொண்டால், எஃப்5 முதல் எஃப்6 வரையிலான கட்டைகளின் கார்வை, அதாவது தட்டிய ஓசை நின்று ஒலிக்கும் நேரம். தலைப்பில் ஆறாவது ஆக்டேவ் (ஸ்தாயி) என்றது இந்த இடத்தைத்தான்.

ஷோரூமில் எல்லோரும் முதலில் கீழ்க்கட்டைகளை அழுத்துகிறார்கள். அந்த அதிர்வு நெஞ்சில் இறங்கியதும் பாதி முடிவு ஆகிவிடுகிறது. இந்த விலையில் எந்த ஏழடி பியானோவிலும் மந்தரம் நன்றாகவே இருக்கும். தந்தி நீளம் போதும், கீழ்த்தந்திகளுக்குச் செம்புக் கம்பி சுற்றியவர் கைதேர்ந்தவர் என்றால் அங்கே தவறு நடக்க இடம் குறைவு. மேலே அப்படி இல்லை. ஷோபானின் டி ஃப்ளாட் மேஜர் நாக்டர்ன், ஓபஸ் 27 எண் 2, வலது கை நுழைவதே எஃப்5-இல், அதுவும் நீண்ட ஸ்வரம். அந்த ஒரு ஸ்வரம் அடுத்த ஸ்வரம் வரும்வரை நிற்கவில்லை என்றால் வாசிப்பவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் வரி துண்டு துண்டாகிவிடும். பல லட்சம் கொடுத்து வாங்கிய கருவியில் இது நடக்கும்போது வருகிற கோபம் சாதாரணமானதல்ல.

காரணம் இயற்பியல்தான். ஒலிக்கும் நீளம் சி5-க்குச் சுமார் 33 சென்டிமீட்டர், சி6-க்குச் சுமார் 18, கடைசி சி8-க்கு ஐந்து சொச்சம். நீளம் குறையக் குறையத் தந்தி பிடித்துவைக்கும் ஆற்றலும் குறைகிறது. அந்தக் கொஞ்சத்தை சவுண்ட்போர்டு (தந்திகளுக்குக் கீழே உள்ள ஒலிப்பலகை) எவ்வளவு வேகமாக வாங்கிச் செலவழிக்கிறது என்பதில்தான் எல்லாம். அந்த இடத்தில் போர்டு தேவைக்கு மேல் இளகி இருந்தாலோ, அதன் வளைவு தட்டையாகி, தந்தியின் அதிர்வைப் போர்டுக்குக் கடத்தும் பிரிட்ஜின் மேல் தந்தி அமரும் அழுத்தம் குறைந்திருந்தாலோ, தட்டியவுடன் பெரிய ஓசை ஒன்று கிளம்பும், அதோடு சரி. டெக்னீஷியன்கள் இந்தப் பகுதியை கில்லர் ஆக்டேவ் என்பார்கள். பெயர் பொருத்தம்தான். ஏழாவது ஆக்டேவில் கார்வையை யாரும் எதிர்பார்ப்பதில்லை, நாலாவதில் அது தானாக வந்துவிடுகிறது. இங்கேதான் எதிர்பார்ப்பு இருக்கிறது, இயற்கையின் உதவி இல்லை.

சோதிக்கப் பத்து நிமிடம் போதும். பெடலைத் தொடாமல் எஃப்5-இல் தொடங்கி எஃப்6 வரை கருப்புக் கட்டை உட்பட ஒவ்வொன்றாக, மிதமான ஒரே பலத்தில் அழுத்தி, ஓசை முற்றிலும் அடங்கும்வரை பிடியுங்கள். மேலே போகப்போக நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய வேண்டும். நடுவில் ஒரு கட்டை மட்டும் தொப்பென்று விழுந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் கட்டையை ஓசையின்றி அழுத்தி, தந்தியை அடக்கும் டேம்பரை உயர்த்தி, மூன்று தந்திகளில் இரண்டை ரப்பர் ஆப்பு வைத்து அடைத்துவிட்டு, மூன்றாவதை கிட்டார் பிக்கால் மீட்டுங்கள். விரலால் வேண்டாம், வியர்வை பட்டால் தந்தி துருப்பிடிக்கும். மீட்டிய ஸ்வரம் நீளமாக நின்று, சுத்தியல் தட்டியது மட்டும் சீக்கிரம் அணைந்தால் குறை சுத்தியலில்: ஃபெல்ட் (சுத்தியலின் கம்பளி உறை) கனம் அதிகம், அல்லது முனை தட்டையாகித் தந்தியைவிட்டு விலகத் தாமதிக்கிறது. மீட்டியதும் சேர்ந்து அணைந்தால் குறை போர்டிலோ பிரிட்ஜிலோ. முதலாவது ஒருநாள் வேலை. இரண்டாவதை எந்த வாய்சிங்கும் காப்பாற்றாது, கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

மேலே சொன்ன, இப்போது வேலை முடிந்த கருவியின் பிராண்டைச் சொல்லவில்லை. குறை அந்த ஒரு கருவிக்கு உரியது. அதில் ஏ5-இன் இடது தந்தியை மட்டும் தனியாக ஒலிக்கவிட்டாலும் ஓசை அலையலையாக ஆடும். ஒற்றைத் தந்தியில் அலை வரக் கூடாது. வந்தால் பெரும்பாலும் பிரிட்ஜில் அந்தத் தந்தியைப் பிடித்திருக்கும் பின் தளர்ந்திருக்கிறது. ஸ்வரம் ஒலிக்கும்போது ஸ்க்ரூடிரைவர் முனையால் பின்னைப் பக்கவாட்டில் அழுத்தினால் அலை நிற்கும். நின்றால் நோய் உறுதி. பின்னின் அடியில் நீர்போல் மெல்லிய சயனோஅக்ரிலேட் பசை ஒரு சொட்டு, பல நேரங்களில் அவ்வளவுதான் மருந்து. துளை அதிகம் தேய்ந்திருந்தால் பின்னைக் கழற்றி எபாக்ஸியில் மறுபடி அமர்த்த வேண்டும். இவ்வளவு எளிய விஷயத்தை ஒன்றன்பின் ஒன்றாக வந்த டியூனர்கள் சுருதிப் பிழை என்றே எண்ணி, நல்ல இரண்டு தந்திகளைக் கெட்டதற்கு ஏற்ப நகர்த்திக்கொண்டே இருந்தார்கள். இன்னும் சிலர் தந்தியை பிரிட்ஜில் அமர்த்துகிறேன் என்று ஓங்கித் தட்டுவார்கள். அப்படித் தட்டினால் பிரிட்ஜின் விளிம்பு குழிந்து அலை கூடும். லேசாக ஒரு தட்டல், அதற்கு மேல் வேண்டாம்.

சுருதி சேர்ப்பதிலேயே கார்வை கொஞ்சம் ஒளிந்திருக்கிறது. பியானோ ஸ்வரம் இரண்டு கட்டமாக அடங்குகிறது: முதலில் வேகமான சரிவு, பிறகு மெலிந்த நீண்ட வால். மூன்று தந்திகளும் முதலில் ஒன்றாக அசைந்து பிரிட்ஜை ஒரே திசையில் தள்ளுவதால் ஆற்றல் சட்டென்று வெளியேறுகிறது. பிறகு அவை ஒன்றுக்கொன்று எதிராக அசையத் தொடங்கியதும் பிரிட்ஜின் மேல் விசை குறைந்து வால் நீள்கிறது. 1977-இல் இயற்பியலாளர் கேப்ரியல் வைன்ரைக் இதைத் தெளிவாக எழுதிவைத்தார். ஆகவே மூன்றையும் சுருதிமானி காட்டும் ஒரே எண்ணில் நிறுத்துவதைவிட, ஒரு சென்டுக்கும் (அரைஸ்வரத்தின் நூறில் ஒரு பங்கு) குறைவான இடைவெளியைக் காதால் விடத் தெரிந்த டியூனரிடம் அதே பியானோ நீளமாகப் பாடும். அலை கேட்கத் தொடங்கினால் அதிகம் விட்டுவிட்டார் என்று பொருள்.

இனி பிராண்டுகள். ஸ்டைன்வேயின் ரிம் (பியானோவின் வளைந்த வெளிச்சுவர்) கடின மர அடுக்குகளை ஒட்டி ஒரே வளைப்பில் செய்யப்படுவது. விறைப்பான அந்தச் சுவர் அதிர்வைப் போர்டுக்கே திருப்பி அனுப்புகிறது. ஹாம்பர்க் தொழிற்சாலையில் செய்த நல்ல பி ஒன்றில் ஐந்தாவது ஆக்டேவுக்கு மேல் ஒரு உலோகப் பளபளப்பு உண்டு. பெரிய கூடத்தில் கடைசி வரிசைவரை போவது அதுதான். அதற்கு ஒரு காரணம் 1872-இல் காப்புரிமை பெற்ற டூப்ளெக்ஸ் ஸ்கேல், அதாவது ஒலிக்கும் நீளத்துக்கு முன்னும் பின்னும் உள்ள துண்டுகளையும் அடைக்காமல் ஒலிக்கவிடுவது. வீட்டில் இதே டூப்ளெக்ஸ் சில கட்டைகளில் சீழ்க்கையாக மாறும். பின்பக்கச் சீழ்க்கைக்கு மெல்லிய ஃபெல்ட் நாடாவை அந்த ஒரு கட்டையின் துண்டுகளுக்கு இடையே மட்டும் நெய்தால் போதும். மொத்தப் பகுதியையும் மூடினால் பளபளப்பும் போய்விடும். முன்பக்கத்துச் சீறலுக்கு ஃபெல்ட் உதவாது. பெரும்பாலும் காப்போ பாரில் (மேல்தந்திகளை முன்பக்கம் அழுத்திப் பிடிக்கும் உலோகத் தண்டு) தந்தி பள்ளம் பதித்திருக்கும், தந்திகளை இறக்கிப் பாரை இழைத்து வடிவம் சரிசெய்ய வேண்டும். நியூயார்க் ஸ்டைன்வே என்றால் கணக்கு வேறு. அங்கே சுத்தியல் மென்மையாக வந்து லாக்கர் ஊற்றிக் கடினமாக்கப்படும், ஹாம்பர்க்கில் இறுக்கமாக அழுத்திய ஃபெல்ட்டை ஊசியால் தளர்த்துவார்கள். ஒன்றில் பழகிய டெக்னீஷியனை மற்றதில் யோசிக்காமல் கைவைக்க விடாதீர்கள்.

ஃபாட்சியோலி, 1981-இல் இத்தாலியின் சாச்சிலேயில் தொடங்கிய நிறுவனம், இந்தக் கட்டுரையின் அளவுகோலில் முதலிடம். வால் தி ஃபியம்மே காட்டின் ஸ்ப்ரூஸ் போர்டு, துல்லியமான பிரிட்ஜ் வேலை. எஃப்5-க்கும் எஃப்6-க்கும் இடையே ஒரு கட்டைகூடத் தனியாக விழுவதில்லை. நாண்களில் ஒவ்வொரு குரலும் பிரிந்து கேட்கும். 2021 வார்சா ஷோபான் போட்டியில் புரூஸ் லியூ எஃப்278-இல் வாசித்து வென்றபோது பலர் வியந்ததும் இந்தத் தெளிவைத்தான். அந்தப் பதிவுகளைக் கேட்டு ஏழடிக் கருவியை வாங்க முடிவு செய்யாதீர்கள். அது 278 சென்டிமீட்டர் கருவி, மேடை டெக்னீஷியன் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டது.

ஷிகெரு கவாய் எஸ்கே-6 நான்கில் மிகச் சமனானது. தாரஸ்தாயி இனிமை, கார்வை நீளம், எந்தக் கட்டையும் முரண்டு பிடிக்காது. ஆக்‌ஷனில் கார்பன் இழை சேர்த்த ஏபிஎஸ் பிளாஸ்டிக் பாகங்கள் இருப்பதால் ஈரத்தில் உப்பி இறுகும் தொல்லை குறைவு. கடற்கரை ஊர்களில் இது சின்ன விஷயமில்லை. பலத்தைக் கூட்டும்போது ஓசை பெரிதாகிறது, நிறம் அவ்வளவாக மாறுவதில்லை. ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் இசையை வாசிப்பவருக்கு அது குறையாகத் தெரியும், மொசார்ட் வாசிப்பவருக்குத் தெரியாது.

ப்ளூத்னர் பியானோவைப் பற்றி நண்பர் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. இதே ஆக்டேவின் வறட்சிக்கு லைப்சிக்கில் 1873-இலேயே ஒரு மருந்து கண்டார்கள். மேல்கட்டைகளுக்கு மூன்று தந்தியோடு, சுத்தியல் படாத நான்காவது தந்தி ஒன்று. தட்டிய மூன்றும் அடங்கும்போது அது தானாக அதிர்ந்து வாலைத் தாங்குகிறது. டியூனருக்கு வேலை கூடும், கேட்பவருக்கு ஸ்வரத்தைச் சுற்றி ஒரு மென்மை கிடைக்கும்.

பூசன்டார்ஃபரின் வழி ஸ்டைன்வேக்கு நேர் எதிர். போர்டுக்குப் பயன்படும் அதே ஸ்ப்ரூஸ் மரம் ரிம்மிலும் பெரும்பங்கு. சுவர் அதிர்வைத் திருப்பி அனுப்பாமல் தானும் சேர்ந்து ஒலிக்கிறது. ஒவ்வொரு தந்தியும் தனித்தனிக் கண்ணியில் கட்டப்படுவதால் ஒன்று அறுந்தால் பக்கத்துத் தந்தி சுருதி விடாது. குறையையும் சொல்ல வேண்டும். ஆறாவது ஆக்டேவில் ஃபாட்சியோலியின் உடல் இதற்கு இல்லை, குரல் மெலிந்தது. பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு எதிரே ஸ்டைன்வே வெட்டிக்கொண்டு வருவதுபோல் இது வராது. விசி (வியன்னா கான்சர்ட்) வரிசையில் இந்த இடைவெளியைக் குறைத்திருக்கிறார்கள், மூடவில்லை.

எதை வாங்கினாலும், வாங்கிய நாளின் நாதம் அப்படியே இருக்காது. ஃபெல்ட் அடிபட்டு இறுகி, தந்தித் தடம் ஆழமாகி, ஒவ்வொரு பியானோவும் மெல்ல மெல்லக் கூச்சலிடத் தொடங்கும். அப்போது நேரே ஊசியை எடுப்பவரிடம் பியானோவைக் கொடுக்காதீர்கள். முதலில் சுருதி. பிறகு ரெகுலேஷன் (இயக்க அளவுகளைச் சரிசெய்தல்): கட்டை இறக்கம் 10 மில்லிமீட்டர் அளவில், சுத்தியலுக்கும் தந்திக்கும் 45 முதல் 47 மில்லிமீட்டர், லெட்-ஆஃப் (சுத்தியல் பிடியிலிருந்து விடுபடும் இடம்) தந்திக்குக் கீழே 1.5 முதல் 2. பிறகு மூன்று தந்திகளும் ஒரே மட்டமா என்று பார்த்து, தாழ்ந்ததைக் கொக்கியால் லேசாகத் தூக்க வேண்டும். பிறகு மணல்தாளால் சுத்தியலை இழைத்து முட்டை வடிவுக்குக் கொண்டுவந்து, முனை மூன்று தந்திகளையும் ஒரே கணத்தில் தொடுகிறதா என்று சுத்தியலைத் தந்தியோடு ஒட்டிப் பிடித்து ஒவ்வொன்றாக மீட்டிச் சோதிக்க வேண்டும். ஒலிக்கிற தந்தியை முனை தொடவில்லை. இதற்கெல்லாம் பிறகுதான் ஊசி, அதுவும் சுத்தியலின் தோள்களில். உச்சியில் ஆழமாகக் குத்தினால் பளபளப்போடு கார்வையின் தொடக்கமும் செத்துவிடும், திரும்ப வருவது அரிது. கடுமையான ஓசை என்று சொல்லி ஊசி குத்தப்பட்ட பல சுத்தியல்களில் உண்மையான பிழை தந்தி மட்டத்தில்தான் இருந்திருக்கிறது.

ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். ஐரோப்பியக் குளிரில் ஹீட்டர் ஓடும் அறையில் அது 30-க்கும் கீழே போகும், சென்னையில் பிரச்சினை மறுபக்கம். அங்கே ஏசியை வாசிக்கும் நேரத்தில் மட்டும் போடுவதுதான் மிகக் கெடுதல், போர்டு தினமும் உப்பிச் சுருங்கும். கருவிக்கு அடியில் பொருத்தும் ஈரக்கட்டுப்பாட்டு அமைப்பும் கீழ்மூடியும் சேர்ந்து வேண்டும்.

நண்பருக்கான பதில். கணக்குப்படி ஃபாட்சியோலி. பக்கத்தில் தேர்ந்த டெக்னீஷியன் இல்லையென்றால் ஷிகெரு கவாய். கூடத்தில் வைக்கவென்றால் ஸ்டைன்வே, அதுவும் இரண்டு மூன்று பி-க்களை வாசித்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து. ஆனால் நீங்கள் வாசிக்கப் போவது வீட்டில், இரவு ஒன்பதுக்குமேல், ஷூபர்ட்டை, இடது பெடலில் கால் வைத்து. அந்த ஓசையளவில் 214விசி கொடுக்கும் நிறங்கள் மற்ற மூன்றிலும் இல்லை. ஆறாவது ஆக்டேவ் மெலிந்ததுதான், மேலே எழுதிய எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. அதையே வாங்குங்கள். வாங்குமுன் பிக்கும் ரப்பர் ஆப்பும் எடுத்துப் போய் எஃப்5-லிருந்து எஃப்6 வரை பதின்மூன்று கட்டைகளையும் சோதித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.