விகடகவியைத் திருப்பிப் படிக்கத் தெரியாத பைத்தான்

எங்கள் அச்சகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி போன வாரம் கேட்டான்: "அண்ணே, பைத்தான் கத்துக்கலாம்னு இருக்கேன். நீங்கதான் ரொம்ப நாளா வச்சுப் புழங்குறீங்களே, நல்லதாண்ணே?" கேட்ட நேரம் சரியில்லை. பெயர் வரிசை தப்பு என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பட்டியல் அன்றைக்குத்தான் திரும்பி வந்திருந்தது. சட்டென்று பதில் வரவில்லை. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

பைத்தான் என்கிற கணினி நிரல் மொழி இலவசம், எந்தக் கணினியிலும் ஓடும், தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான் என்பதெல்லாம் தெரிந்த கதை. நான் புரோகிராமர் இல்லை. மாணவர் அடையாள அட்டை, சான்றிதழ், பெயர்ப் பட்டியல் என்று நாள் முழுக்கப் பெயர்களோடு மாரடிக்கிற வேலை. ஒவ்வொரு பெயராக ஒட்டி ஒட்டி அலுத்துப்போய்த்தான் இதைக் கற்க ஆரம்பித்தேன்.

முதலில் நல்லது. அடிப்படை கற்க இதைவிட இலகுவான மொழியை நான் பார்க்கவில்லை. ஒரு வரி எழுதினால் ஒரு வரி ஓடுகிறது. வரியின் ஆரம்பத்தில் இடம் விடுகிற கட்டுப்பாடு கொஞ்ச நாள் எரிச்சலாக இருக்கும், அப்புறம் கை தானாக விட்டுவிடும். பிழைச் செய்திகளும் வரவர மேம்பட்டிருக்கின்றன. முன்பெல்லாம் அடைப்புக்குறியை மூட மறந்தால் அடுத்த வரியைக் குற்றம் சொல்லும்; ஒரு பாவமும் அறியாத அந்த வரியைத் துருவிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். 2021இல் வந்த 3.10 பதிப்பிலிருந்து "இந்த அடைப்பு மூடப்படவே இல்லை" என்று சரியான இடத்தைக் காட்டுகிறது. புதிதாகப் படிக்கிறவனுக்கு இது பெரிய உதவி.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்றும் உண்டு. மாறிகளுக்கு, அதாவது நிரலில் மதிப்பைப் போட்டு வைக்கிற பெட்டிகளுக்கு, தமிழிலேயே பெயர் வைக்கலாம். 'மொத்தம் = கணிதம் + அறிவியல்' என்று எழுதினால் முணுமுணுக்காமல் கூட்டித் தருகிறது. இது ஏதோ மொழிப்பற்று விவகாரம் என்று நினைக்க வேண்டாம். பாடப் புத்தக நிரலைப் பார்க்கும்போது எது பைத்தானின் சொந்தச் சொல், எது எழுதியவர் இஷ்டத்துக்கு வைத்த பெயர் என்று புதியவனுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. 'பிரிண்ட்'டும் 'மார்க்'கும் ஒரே மாதிரிதான் தெரியும். என் பெயர்களைத் தமிழில் வைத்த பிறகு, ஆங்கிலத்தில் இருப்பது அதனுடையது, தமிழில் இருப்பது என்னுடையது என்று பளிச்சென்று பிரிந்துவிட்டது. எனக்கு நிரல் புரிய ஆரம்பித்தது அங்கேதான். தம்பிக்கும் முதல் பாடமாக இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

சரி, இனி வயிற்றெரிச்சல்.

ஒரு சரத்தின், அதாவது எழுத்துத் தொடரின், நீளம் பார்க்க 'லென்' என்று ஒரு கட்டளை உண்டு. எந்தப் புத்தகத்திலும் முதல் சில பாடங்களுக்குள் வந்துவிடும். 'செல்வி' என்று கொடுங்கள், 6 என்கும். 'சரவணன்' என்று கொடுங்கள், அதுவும் 6. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விரல் விட்டு எண்ணினால் செல்விக்கு 3 எழுத்து, சரவணனுக்கு 5. பைத்தான் எண்ணுவது எழுத்தை இல்லை. ச தனி, எகரக் கொம்பு தனி, ல தனி, புள்ளி தனி என்று யூனிகோடு துண்டுகளை எண்ணுகிறது; உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் எண் கொடுத்து வைத்திருக்கிற முறைதான் யூனிகோடு. அட்டையில் பெயர் நீளமாக இருந்தால் எழுத்தளவைக் குறை என்று எழுதி வைத்தால், குட்டிப் பெயரான செல்வியையும் சேர்த்துச் சுருக்கிவிடுகிறது.

ஒரு சொல்லில் எழுத்துகள் மட்டும்தான் இருக்கின்றனவா என்று கேட்கிற 'இஸ்ஆல்ஃபா'விடம் செல்வியைக் கொடுத்தால் 'ஃபால்ஸ்', அதாவது இல்லை, என்கிறது. கொம்பும் புள்ளியும் அதன் கணக்கில் எழுத்து இல்லையாம். ஆனால் அதே 'செல்வி'யை மாறியின் பெயராக வைத்தால் தாராளமாக வைத்துக்கொள் என்கிறது. சொற்களைப் பிரித்தெடுக்கலாம் என்று 'ரீ' என்ற தேடல் தொகுதியில் சொல்லெழுத்துக்கான குறியைப் போட்டுத் தேடினால் செல்வி 'ச', 'ல', 'வ' என்று மூன்று துண்டாகி வருகிறாள். இத்தனைக்கும் தமிழ் எண்கள் இதற்குத் தெரியும்! '௧௨' என்று கொடுத்து எண்ணாக மாற்றச் சொன்னால் அழகாக 12 என்கிறது. நாட்டில் யாரும் புழங்காத தமிழ் எண் தெரிகிறது, செல்வியில் இருக்கிற எழுத்து தெரியவில்லை.

பயிற்சிக் கணக்குகளின் கதை இன்னும் மோசம். ஒரு சொல்லைத் திருப்பிப் போட்டு அது முன்பின் ஒன்றா என்று பார்ப்பது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிற பயிற்சி. ஆங்கிலச் சொல்லை வைத்துச் செய்து காட்டுவார்கள். நமக்குத்தான் விகடகவி இருக்கிறதே என்று அதைக் கொடுத்தேன். இல்லை, ஒன்றாக இல்லை என்று பதில். திருப்பும்போது கடைசி விகரத்தின் சுழி முன்னால் வந்து, ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாமல் ஒரு புள்ளி வட்டத்தோடு தொங்குகிறது. திருப்பிப் படித்தாலும் அதுவே வருகிற மாலைமாற்று என்று தனியாக ஒரு செய்யுள் வகையே வைத்திருக்கிற மொழியில், விகடகவி விகடகவி இல்லை என்கிறது கணினி. நிரலில் ஒரு தப்பும் கிடையாது. ஆனால் புதிதாகப் படிக்கிறவன் என்ன நினைப்பான்? தனக்குத்தான் வரவில்லை என்று நினைப்பான்.

பட்டியல் திரும்பி வந்ததும் இதே குடும்பத்துச் சண்டைதான். 'சார்ட்டட்' போட்டு அடுக்கினால் கமலாவுக்கு முன்னால் கனகா வந்து உட்கார்கிறாள், ஏனென்றால் யூனிகோட்டில் ன என்பது ந-வுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கண்ணனுக்கு முன்னால் கணேசன், ஏனென்றால் புள்ளிக்கு அங்கே கடைசி இடம். அகர வரிசை அறிந்த தமிழாசிரியர் கண்ணில் இது படாமல் போகுமா?

நியாயமாகப் பார்த்தால் பைத்தானை மட்டும் திட்டுவது சரியில்லை. தமிழுக்கு யூனிகோட்டில் கிடைத்தது 128 இடம். இஸ்கி என்ற இந்தியத் தர அமைப்பை ஒட்டி அடுக்கியது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் தருகிற டேஸ்16 முறையை 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோட்டோடு சேர்த்துத் தரமாக அறிவித்தது. கணினிகள் எல்லாம் யூனிகோட்டோடு நின்றுவிட்டன. ஜாவாவிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் செல்விக்கு இதே 6தான். ஆனால் ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழியில் எண்ணினால் 3 வருகிறது. அதே யூனிகோட்டை வைத்துக்கொண்டுதான் அதுவும் எண்ணுகிறது. முடியாத காரியம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கோபம் கூடிப்போனது.

மருந்து இருக்கிறது. 'ஓப்பன்-தமிழ்' என்ற நூலகத்தை, அதாவது பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்பை, நிறுவினால் சொல்லை எழுத்து எழுத்தாகச் சரியாகப் பிரித்துத் தருகிறது. அதை வைத்து விகடகவியைத் திருப்பினால் விகடகவியே வருகிறது. 'ரீஜெக்ஸ்' என்ற வெளித் தொகுதியும் இதற்கு உதவும். இரண்டும் என் கணினியில் நிரந்தரமாக இருக்கின்றன. விண்டோஸ்காரர்கள் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் எழுத்துக்குறி முறை 'யூடிஎஃப்-8' என்று எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் 'சார்மேப்' என்று ஏதோ சொல்லி நிரல் விழுந்துவிடும். எக்செலுக்குப் போகும் சிஎஸ்வி கோப்பென்றால் 'யூடிஎஃப்-8-சிக்', அப்போதுதான் தமிழ் தமிழாகத் திறக்கும். இதெல்லாம் சின்னத் தொல்லை, ஒருமுறை பழகினால் போதும். ஆனால் தன் அம்மா பெயரில் எத்தனை எழுத்து என்று எண்ணுவதற்கு, மூன்றாவது பாடத்திலேயே ஒருவன் வெளி நூலகம் தேடி அலைய வேண்டுமா?

மதிப்பெண் கேட்டால் 5க்கு 2. பட்டியல் திரும்பி வராத மாதமாக இருந்தால் 4 போட்டிருப்பேன். தம்பியிடம் பைத்தானே படி என்று சொல்லிவிட்டேன்; வேறு எதைச் சொல்ல, ஸ்விஃப்ட் படிக்க மேக் வாங்கித் தருகிறேன் என்றா?