கோராவும் செல்லோவும்: கச்சேரிக்குப் போகும் முன் கேட்டுவிடுங்கள்

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக் கோரா கலைஞர் பல்லாகே சிஸ்ஸோகோ, பிரான்ஸின் செல்லோ கலைஞர் வான்சான் செகால் இருவரின் கச்சேரிக்கு டிக்கெட் போட்டிருப்பவர்கள், 2009இல் வந்த அவர்களுடைய ‘சேம்பர் மியூசிக்’ ஆல்பத்தை ஒரு முறையாவது ஹெட்போனில் கேட்டுவிட்டுப் போங்கள். மாலியின் தலைநகர் பமாகோவில், பாடகர் சலிஃப் கெய்ட்டாவின் ஸ்டூடியோவில் பதிவானது.

கோரா, பெரிய சுரைக்குடுக்கையின் பாதியில் மாட்டுத்தோல் போர்த்திச் செய்த 21 தந்தி வாத்தியம். இரு கைகளின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் மீட்டும். ஆனால் கீழே ஒரே சீராகத் தாளக்கட்டு ஓட, மேலே மெட்டு தனியாக உதிர்கிறது. கூட இன்னொருவர் வாசிக்கிறாரோ என்று தோன்றும்!

செல்லோ, வயலின் இனத்துப் பெரிய வாத்தியம். செகால் அதில் வில் போடுவதோடு நிற்பதில்லை. பல இடங்களில் செல்லோவை விரலால் சுண்டி, பாஸ் கிட்டாரின் வேலையையும் செய்துவிடுகிறார். எனக்கு உயிர் அந்த இடங்கள்தான். மேற்கத்திய வாத்தியம் வந்து உட்கார்ந்ததும் நாட்டு வாத்தியம் ஊறுகாயாகிவிடும் கலப்பிசையை நிறையக் கேட்டு நொந்திருக்கிறேன். இங்கே ஒருவர் பேசும்போது மற்றவர் காது கொடுக்கிறார்.

நடுவில் ஓரிரு உருப்படிகள் ஒரே சாயலில் போவது உண்மை. டிரம்ஸ், ஆட்டம் எதிர்பார்ப்பவர்களுக்கு இது சரிப்படாது. முன்வரிசை கிடைத்தால் விடாதீர்கள், சிஸ்ஸோகோவின் கட்டைவிரல்களைக் கிட்டத்தில் பார்க்கணும்.