விமானிகளுக்கான எம்.சி.சி. பயிற்சி என்ற பெயரில் பறிபோன 18 இலட்சம் ரூபாய்: வன்னிப் பெற்றோரின் கவனத்துக்கு

வர்த்தக விமானி அனுமதிப்பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த படிக்காகக் காத்திருக்கும் பிள்ளை உங்கள் வீட்டிலோ உறவிலோ இருந்தால், எம்.சி.சி. எனப்படும், விமானி அறையில் இருவர் சேர்ந்து வேலை செய்யப் பழக்கும் பயிற்சிக்கென்று எவரிடமும் ஒரு சதம்கூடக் கொடுப்பதற்கு முன்னர் இதைத் தயவுசெய்து முழுமையாகப் படியுங்கள். எங்கள் குடும்பம் கொடுத்த 18 இலட்சம் ரூபாய் போய்விட்டது. அதில் ஒரு பகுதியைக்கூடத் திருப்பித் தர முடியாது என்ற கடைசிப் பதில் இந்தக் கிழமைதான் வந்தது. அதைப் படித்த கையோடு எழுதுகிறேன். ஆத்திரத்தில் எழுதுகிறேன் என்று யாராவது சொன்னால், ஆம், ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன்.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். என் தம்பி இரத்மலானையில் உள்ள பறப்புப் பயிற்சிப் பாடசாலை ஒன்றில் படித்து, சி.பி.எல். எனப்படும் வர்த்தக விமானி அனுமதிப்பத்திரத்தையும், பல இயந்திர விமானங்களைச் செலுத்தும் தகுதியையும், கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதியையும் பெற்றவன். அதுவரை ஆன செலவே எங்களைப் போன்ற ஒரு குடும்பத்தின் சக்திக்கு மீறியது. வட்டக்கச்சியில் இருக்கும் அப்பாவின் வயலில் ஒரு பகுதி அப்போதே ஈட்டுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு அம்மாவின் காப்புகளை அடகு வைத்து, என் சம்பளத்தின் மேல் வங்கியில் கடன் எடுத்து, சுவிஸில் இருக்கும் சித்தப்பா அனுப்பியதையும் காலபோக நெல் விற்ற காசையும் சேர்த்துத் திரட்டியதுதான் இந்த 18 இலட்சம்.

எம்.சி.சி. என்றால் என்னவென்று கேட்டறிய எங்கள் பகுதியில் ஆளில்லை என்பதுதான் இதற்கு ஆள் பிடிக்கும் முகவர்களின் மூலதனம். ஆகவே தம்பியிடம் கேட்டும் தேடிப் படித்தும் நான் அறிந்துகொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். சி.பி.எல். எடுக்கும் வரை ஒருவர் சிறிய விமானத்தில் பெரும்பாலும் தானே பார்த்து, தானே முடிவெடுத்துப் பழகுகிறார். பயணிகள் விமானத்தின் விமானி அறையிலோ இருவர் இருக்கிறார்கள். ஒருவர் விமானத்தைச் செலுத்த, மற்றவர் அவரைக் கண்காணித்து, வானொலியில் பேசி, சரிபார்ப்புப் பட்டியலை வாசித்து, பிழை கண்டால் மூத்தவர் இளையவர் என்று பாராமல் உடனே சொல்ல வேண்டும். 1977 மார்ச் 27 அன்று தெனெரீஃப் தீவின் ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். மேலெழும்ப அனுமதி கிடைக்காமலேயே கப்டன் விமானத்தை ஓட்டத் தொடங்கியபோது, மற்ற விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று பறப்புப் பொறியியலாளர் கேட்டார். அந்தச் சந்தேகம் அங்கேயே தட்டிக்கழிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லண்டில், சில்லுக் கோளாறு ஒன்றிலேயே கவனம் முழுவதும் இருக்க, எரிபொருள் தீர்ந்து ஒரு விமானம் வீழ்ந்தது. இத்தகைய விபத்துகளிலிருந்து கற்றவைதான் இருவர் சேர்ந்து வேலை செய்யும் இந்தப் பயிற்சிக்கு அடித்தளம். சுவரில் தொங்கவிடுவதற்கான கடதாசி அல்ல இது. பின்னால் இருக்கும் பயணிகளின் உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம்.

‘ஈயாசா’ எனப்படும் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையின் விதிகளின்படி, சாதாரண எம்.சி.சி. பயிற்சியில் குறைந்தது 25 மணித்தியாலக் கோட்பாட்டுப் பாடமும் 20 மணித்தியாலச் செய்முறையும் இருக்க வேண்டும். ஒருங்கிணைந்த விமானிப் பாடநெறியில் படிப்பவர்களுக்கு மட்டும் செய்முறை 15 மணித்தியாலமாகக் குறையும். ஏ.பி.எஸ். எம்.சி.சி. என்ற மேம்பட்ட வகையில் செய்முறை 40 மணித்தியாலம், முடிவில் மதிப்பீடும் உண்டு. செய்முறைக்கு உரிய தகுதிச் சான்று பெற்ற சிமுலேற்றர், அதாவது விமானி அறையைப் போலவே அமைத்த பயிற்சிக் கருவி வேண்டும். ஏ.ரி.ஓ. என்ற அங்கீகாரம் பெற்ற நிறுவனமே இதைக் கற்பிக்கலாம். எங்களுக்கு விற்கப்பட்டது இந்த 40 மணித்தியால வகை. ஒப்பந்தத்திலும் அப்படியே எழுதியிருந்தது.

விற்றவர் கொழும்பில் அலுவலகம் வைத்திருக்கும், வெளிநாட்டு விமானப் பயிற்சிகளுக்கு ஆள் அனுப்பும் முகவர். பெயரை இப்போது எழுத முடியாத நிலையில் இருக்கிறோம். கிளிநொச்சியில் மண்டபம் ஒன்றில் அவர் நடத்திய தகவல் கூட்டத்தில்தான் தம்பி அவரைச் சந்தித்தான். நல்ல தமிழில், எங்கள் ஊர்ப் பேச்சிலேயே கதைத்தார். தன் தாயும் முல்லைத்தீவுப் பக்கம் என்றார். சில நாட்களில் வீட்டுக்கே வந்தார். அம்மா கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே, மேசையில் கணினியைத் திறந்து பெரிய சிமுலேற்றர் ஒன்று சாய்ந்தும் நிமிர்ந்தும் ஆடுகின்ற காணொளியைக் காட்டினார். அப்பா விமானத்தில் ஏறியதே இல்லாதவர். அந்தத் திரையையும் தம்பியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அந்த மனிதர் அப்பாவின் கையைப் பிடித்து, “ஐயா, இனி இவர் உங்கட மகன் மட்டுமில்லை, எங்கட கப்டன். ஏதும் பிரச்சினை எண்டா காசு அடுத்த நாளே உங்கட கையில இருக்கும்” என்றார். பயிற்சி முடிந்ததும் விமான சேவை ஒன்றின் நேர்முகத் தேர்வு உறுதி என்றும் சொன்னார். அப்பா அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில்தான் 18 இலட்சமும் கைமாறியது. முற்பணத்தைக் காசாக வாங்கினார். மீதியை வங்கி மூலம் அனுப்பினோம். அவர் எழுதித் தந்த பற்றுச்சீட்டில் ஆங்கிலத்தில் ‘ஆலோசனைச் சேவை’ என்றிருந்தது. பயிற்சிக் கட்டணம் என்ற சொல்லே அதில் இல்லை. எல்லாருக்கும் இப்படித்தான் எழுதுவோம், கணக்காளரின் வேலைக்கு இலகு என்றார். பிறகு அந்தச் சொல்லையே ஆயுதமாக எடுத்து எங்கள் மேல் வீசினார்கள்.

பயிற்சி தென்கிழக்கு ஆசிய நகரம் ஒன்றில் நடந்தது. காணொளியில் பார்த்த ஆடும் சிமுலேற்றரைத் தம்பி அங்கே காணவே இல்லை. கடைத்தொகுதி ஒன்றின் மேல்மாடியில், முன்னால் திரைகள் பொருத்திய, அசையாத ஒரு கூட்டுக்குள் இரண்டு இருக்கைகள் இருந்தன. அசையாத கருவியில் எம்.சி.சி. படிப்பது தவறல்ல. எவ்.என்.பி.ரி. 2 வகையில் எம்.சி.சி.க்கென்று சான்று பெற்ற அசையாத கருவிகள் உண்டு. ஆனால் இது அதுவும் இல்லை. தலைக்கு மேலே இருக்க வேண்டிய பலகையில் ஆளிகளுக்குப் பதிலாகப் பெரும்பகுதி அச்சிட்ட படம் ஒட்டப்பட்டிருந்தது. இயந்திரம் தீப்பிடித்தால் செய்ய வேண்டிய பயிற்சியில், கண்காணிக்கும் விமானி எந்த இயந்திரத்தின் ஆளி என்று கைவைத்துக் காட்டி, மற்றவர் உறுதிப்படுத்திய பின்னரே அதை அமத்த வேண்டும். தம்பி கையை உயர்த்தி அந்த ஒட்டுப்படத்தைத் தொட, பயிற்றுநர் பின்னாலிருந்து, சரி, அமத்தியாயிற்று என்று வைத்துக்கொள், அடுத்ததற்குப் போ என்றாராம். இதை அவன் தொலைபேசியில் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது.

அதோடு முடியவில்லை. இருவருக்கான பயிற்சியில் மூவரைச் சேர்த்திருந்தார்கள். இருவர் முன்னால் இருக்க, மூன்றாமவர் பின்னால் சாதாரண நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார். அப்படிப் பார்த்திருந்த நேரத்தையும் மூவரின் கணக்கிலும் பயிற்சி நேரமாக எழுதினார்கள். தம்பி தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தபடி, அவன் முன் இருக்கையில் இருந்த நேரம் 15 மணித்தியாலத்தைக்கூட எட்டவில்லை. சான்றிதழிலோ 40 என்று இருக்கிறது. பயிற்றுநருக்கு எம்.சி.சி. கற்பிக்கும் சான்று உண்டா என்று கேட்டதற்கு, முகவரிடம் கேளுங்கள் என்பதே பதில். மதிப்பீடு நடக்கவே இல்லை. உறுதியளித்த நேர்முகத் தேர்வு, வேலைதேடும் இணையத்தளம் ஒன்றின் முகவரியாகச் சுருங்கிப்போனது.

தம்பி திரும்பி வந்து, வெளிநாட்டு விமான சேவை ஒன்றுக்கு விண்ணப்பித்தான். அங்கிருந்து வந்த மின்னஞ்சல் இரண்டு வரிகள்தான். சான்றிதழில் பயிற்சி நிறுவனத்தின் அங்கீகார இலக்கமும் இல்லை, சிமுலேற்றரின் தகுதிச் சான்று இலக்கமும் இல்லை, ஆகவே இதை ஏற்க முடியாது. உடனே அந்த மேல்மாடி நிலையத்துக்கு எழுதினோம். தாங்கள் அறையையும் கருவியையும் மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு விடுபவர்கள் என்றும், எம்.சி.சி. நடத்தும் அங்கீகாரம் தங்களுக்கு இருப்பதாக எவரிடமும் சொன்னதில்லை என்றும் பதில் எழுதினார்கள். முகவர் தங்களுக்குக் கொடுத்த வாடகையையும் குறிப்பிட்டிருந்தார்கள். எங்கள் 18 இலட்சத்தில் அது ஒரு சிறு துண்டு.

அதன் பிறகு நடந்தது வேறு வகையான கொடுமை. எங்கள் வீட்டில் தேநீர் குடித்த மனிதர் தம்பியின் அழைப்பை எடுப்பதே இல்லை. அப்பா அழைத்தால், ஒப்பந்தத்தில் கையொப்பம் வைத்தவர் மகன், அவரோடுதான் கதைப்போம் என்று அலுவலகப் பெண் சொல்லுவார். தம்பி அழைத்தால், காசு கட்டியவர் தகப்பன், அவர்தான் எழுத்தில் கேட்க வேண்டும் என்பார். அப்பா எழுத்தில் கேட்டார். தமிழில் எழுதிய கடிதத்தை ஏற்க முடியாது, ஆங்கிலத்தில் தாருங்கள் என்றார்கள். வீட்டுக்கு வந்து காசு வாங்கும்போது தமிழ் போதுமாக இருந்தது! நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். அதைச் சட்டப் பிரிவு பார்க்கிறது என்றார்கள். பின்னர், அந்தப் பிரிவில் இருந்தவர் விலகிவிட்டார் என்றார்கள். இரவுப் பேருந்தில் ஏ9 வழியாகக் கொழும்புக்குப் போய் அவர்களின் வாசலில் இருந்த அன்று, ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் கொடுத்து மதியம் வரை இருத்திவிட்டு, சேர் இன்று வரமாட்டார் என்றார்கள். ஒருமுறை மட்டும் அந்த மனிதர் தானாகவே வட்ஸ்அப்பில் குரல் பதிவு ஒன்று அனுப்பினார். “தங்கச்சி, நடந்தது நடந்துபோச்சு. ரைப் ரேட்டிங்குக்கும் எங்களிட்டயே வாங்கோ, பாதிக் கழிவு போட்டுத் தாறன்.” ரைப் ரேட்டிங் என்பது குறிப்பிட்ட ஒரு வகை விமானத்தைச் செலுத்துவதற்கான தகுதிப் பயிற்சி. 18 இலட்சத்தை விழுங்கியவர் அதற்கு மேலும் கேட்கிறார்.

இந்தக் கிழமை வந்த கடைசிப் பதிலில், நாங்கள் செலுத்தியது ஆலோசனைக் கட்டணம், ஆலோசனை வழங்கப்பட்டுவிட்டது, எனவே திருப்பித் தர எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். பொலிஸில் முறைப்பாடு பதிந்தோம். அது சிவில் விடயம், வழக்கறிஞரைப் பாருங்கள் என்றார்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கும் எழுதியிருக்கிறோம். இதற்கிடையில் காப்புகளுக்கான வட்டி மாதாமாதம் ஏறுகிறது.

எப்படிப் பயிற்சி நிலையத்தைத் தெரிவு செய்வது என்று விரிவாக எழுதத்தான் தொடங்கினேன். இப்போது முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். முகவரிடம் காசு கொடுக்காதீர்கள். பயிற்சி நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கே நேரே அனுப்புங்கள், பற்றுச்சீட்டில் எம்.சி.சி. பயிற்சிக் கட்டணம் என்றே எழுதி வாங்குங்கள். நிறுவனத்தின் ஏ.ரி.ஓ. அங்கீகாரப் பத்திரத்தையும், அதில் எம்.சி.சி. அல்லது ஏ.பி.எஸ். எம்.சி.சி. என்ற பாடநெறி குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்பதையும், அந்தந்த நாட்டு விமானப் போக்குவரத்து அதிகார சபை வெளியிடும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிமுலேற்றரின் தகுதிச் சான்று இலக்கத்தை எழுத்தில் கேளுங்கள். உங்கள் பிள்ளை முன் இருக்கையில் இருக்கும் நேரம் எத்தனை, துணை விமானியாக யார் இருப்பார் என்று கேளுங்கள். பிரித்தானியாவில் படிப்பதென்றால், 2020 முடிவோடு அந்த நாடு ஈயாசாவிலிருந்து விலகிவிட்டது என்பதை நினைவில் வைத்து, பிள்ளை விண்ணப்பிக்கப் போகும் விமான சேவை எந்தச் சான்றிதழை ஏற்கிறது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சில இடங்களில் எம்.சி.சி.யை முதலாவது ரைப் ரேட்டிங்கோடு சேர்த்தே செய்ய முடியும். ஒரே முழுச் சிமுலேற்றரில் இரண்டையும் செய்தால், சாதாரண எம்.சி.சி.யின் செய்முறை நேரத்தை 10 மணித்தியாலமாகக் குறைக்க ஈயாசா விதி இடம் தருகிறது. தனியாக வாங்கத்தான் வேண்டுமா என்று அதையும் விசாரியுங்கள். கட்டுநாயக்கவில் இருக்கும் இலங்கை சிவில் விமான சேவைகள் அதிகார சபையிடம், இந்தச் சான்றிதழை ஏற்பீர்களா என்று காசு கட்டும் முன்னரே எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

இதே முறையில், ஆலோசனைச் சேவை என்று எழுதிய பற்றுச்சீட்டோடு காசை இழந்த வேறு குடும்பங்கள் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ மன்னாரிலோ இருந்தால், எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். ஒருவராகப் போனால் வாசலில் இருத்தி அனுப்பிவிடுகிறார்கள். வழக்கறிஞரிடம் சேர்ந்து போவோம். எங்கள் ஒப்பந்தம், பற்றுச்சீட்டு, தம்பியின் குறிப்பேடு, அந்தக் குரல் பதிவு எல்லாம் பிரதியெடுத்து வைத்திருக்கிறேன்.