பாட்டு திக்கினால் எதை வாங்குவது? ரிப்பீட்டர், மெஷ், பவர்லைன், கேபிள்: ஒரு மதிப்பீடு

வைஃபை ஸ்பீக்கரில் பாட்டு விட்டு விட்டுக் கேட்டால், பலரும் முதலில் இணையத் திட்டத்தை மாற்றி வேகத்தைக் கூட்டுகிறார்கள். அதில் பலன் கிடைப்பது அபூர்வம். வழக்கமான உயர்தர ஸ்ட்ரீமிங் விநாடிக்கு 320 கிலோபிட்தான். சிடி தரத்தைச் சுருக்காமல் அப்படியே அனுப்பினாலும் 1,411 கிலோபிட், அதாவது ஒன்றரை மெகாபிட்கூட இல்லை. ஸ்பீக்கர் கேட்பது கொஞ்சம் டேட்டா. ஆனால் அது நேரம் தவறாமல் வந்து சேர வேண்டும். அந்த ஒழுங்கு கெடுவது பெரும்பாலும் வீட்டுக்குள், ரூட்டருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே. இதைச் சரிசெய்யும் என்று சொல்லி விற்கப்படும் கருவிகளில் எது தேறும், எது தேறாது என்பதைப் பார்க்குமுன் ஒரு சின்னக் கணக்கு.

ஒரே ஒரு ஸ்பீக்கர் என்றால் தொல்லை குறைவு. நான்கு அறைகளில் ஒரே பாட்டை ஓடவிடும்போதுதான் சிக்கல் தொடங்கும். சோனோஸ் போன்ற பல அறை ஸ்பீக்கர் அமைப்புகளில் ஒரு குழுவுக்கு ஒரு ஸ்பீக்கர் தலைமை. இணையத்திலிருந்து பாட்டை வாங்குவது அது மட்டுமே. மற்ற மூன்றுக்கும் பங்கு பிரித்துக் கொடுப்பதும் அதுவே. நான்கும் வைஃபையில் இருந்தால், ரூட்டரிலிருந்து தலைமைக்கு ஒரு முறை, தலைமையிலிருந்து திரும்ப ரூட்டருக்கு மூன்று முறை, ரூட்டரிலிருந்து மற்ற ஸ்பீக்கர்களுக்கு மூன்று முறை என ஒரே பாட்டு காற்றில் ஏழு தடவை போய்வருகிறது. சுருக்காத சிடி தரத்தில் இது ஏறக்குறைய 10 மெகாபிட். நெரிசலான 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இது லேசான சுமை இல்லை. தலைமை ஸ்பீக்கருக்கு மட்டும் ஒரு ஈதர்நெட் கேபிள் போட்டுவிட்டால் ஏழு மூன்றாகிறது. கீழே வரும் தீர்ப்புகளில் பாதி இந்தக் கணக்கிலிருந்து வருபவை.

வாங்கும் முன் கோளாறு எந்த வகை என்று பிரித்துப் பாருங்கள். பாட்டு தடையின்றி ஓடுகிறது, ஆப்பில் மட்டும் ஸ்பீக்கர் காணாமல் போகிறது என்றால் எந்தக் கருவியும் உதவாது, காசை மிச்சப்படுத்துங்கள். ஆப், ஸ்பீக்கரைத் தேடுவது மல்டிகாஸ்ட் என்ற முறையில், அதாவது ஒரே நேரத்தில் பல கருவிகளுக்கும் கேட்கும்படி கூப்பிட்டு. இந்தக் கூப்பாடு ஸ்பீக்கரின் காதில் விழாமல் தடுப்பவை சில உண்டு. போன் கெஸ்ட் நெட்வொர்க்கில் இருக்கலாம், விபிஎன் ஓடிக்கொண்டிருக்கலாம், ரூட்டரில் ஏபி ஐசொலேஷன் (வைஃபை கருவிகளை ஒன்றோடொன்று பேசவிடாத அமைப்பு) இயங்கலாம். ஐபோனில் ஐஓஎஸ் 14 முதல் ஒவ்வொரு ஆப்பும் லோக்கல் நெட்வொர்க் அனுமதி கேட்கிறது. அவசரத்தில் 'வேண்டாம்' என்று தட்டிவிட்டால் அந்த ஆப்புக்கு ஸ்பீக்கர் கண்ணில் படாது.

இதே ரகத்தில் இன்னொன்று, இரட்டை ரூட்டர். இணைய நிறுவனம் வைத்த பெட்டி ஒரு ரூட்டர். அதன் பின்னால் நீங்கள் வாங்கி மாட்டியது இன்னொன்று. போனின் முகவரி 192.168.0 என்றும் ஸ்பீக்கரின் முகவரி 192.168.1 என்றும் தொடங்கினால் இரண்டும் வேறு வேறு நெட்வொர்க்கில் இருக்கின்றன என்று பொருள். இரண்டில் ஒன்றை பிரிட்ஜ் அல்லது அக்சஸ் பாயின்ட் நிலைக்கு, அதாவது தனி நெட்வொர்க் உருவாக்காமல் வெறுமனே கடத்தும் நிலைக்கு, மாற்றினால் தீர்ந்தது.

பாட்டே திக்குகிறது என்றால் அளந்து பாருங்கள். ஸ்பீக்கர் இருக்கும் அதே இடத்தில் ஆண்ட்ராய்டு போனை வைத்து, சிக்னல் அளவு காட்டும் ஏதாவது ஓர் ஆப்பைத் திறந்தால் போதும். அளவு டிபிஎம்மில் வரும், பூஜ்யத்தை நெருங்க நெருங்க சிக்னல் வலு அதிகம். மைனஸ் 60 டிபிஎம் நல்லது, மைனஸ் 67 வரை சமாளிக்கலாம், மைனஸ் 75 என்றால் திக்கத்தான் செய்யும். அடுத்து, ரூட்டரில் கேபிளால் இணைத்த கணினியிலிருந்து, பாட்டு ஓடும்போதே ஸ்பீக்கரின் ஐபி முகவரிக்கு 200 முறை பிங் செய்யுங்கள் (ஒரு சின்னச் செய்தி அனுப்பி, பதில் வர ஆகும் நேரத்தை அளப்பதுதான் பிங்). கணினியும் வைஃபையில் இருந்தால் இரண்டு இணைப்புகளின் குறையும் கலந்துவிடும். எது யாருடையது என்று தெரியாது. பதில்கள் சில மில்லிவிநாடியில் ஒரே சீராக வந்தால் காற்றுவழி நன்றாக இருக்கிறது. நடுநடுவே 200, 300 என்று தாவினாலோ பதிலே வராமல் போனாலோ குற்றவாளி காற்றுதான்.

சிக்னல் வலுவாக இருந்தும் பிங் தாவுகிறதா? அது தூரத்தின் கோளாறாக இராது, நெரிசலாகத்தான் இருக்கும். இதற்கும் எதையும் வாங்க வேண்டாம். ரூட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள், 'ஆட்டோ' சேனலை நிறுத்துங்கள், 1, 6, 11 ஆகிய மூன்றில் அக்கம்பக்கத்தார் குறைவாகப் பயன்படுத்துவதைத் தேர்ந்தெடுங்கள். இடையில் உள்ள 3, 4, 8 போன்றவை காலியாகத் தெரியும். ஏமாற வேண்டாம், இருபுறமும் உள்ள சேனல்களின் இரைச்சலும் அவற்றில் வழியும். ரூட்டரில் யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க் செருகியிருந்தால் கழற்றிப் பாருங்கள். அந்த இணைப்பே 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சலை உமிழும். மைக்ரோவேவ் அடுப்பும் அப்படியே. ஸ்பீக்கரை டிவியின் பின்புறத்திலிருந்தோ மீன் தொட்டி அருகிலிருந்தோ ஒரு சாண் நகர்த்தினாலேகூட அளவு மாறும், ஏனெனில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளமே சுமார் 12 சென்டிமீட்டர்தான்.

5 கிகாஹெர்ட்ஸில் இருக்கும் ஸ்பீக்கர் எப்போதாவது ஒரு நிமிடம் முழுசாக ஊமையாகித் தானாகத் திரும்பினால் சேனல் எண்ணைப் பாருங்கள். 52 முதல் 144 வரை உள்ளவை ரேடாருடன் பங்கிடும் சேனல்கள். ரேடார் போல ஏதாவது பட்டால் ரூட்டர் உடனே அந்தச் சேனலைக் காலி செய்தாக வேண்டும். இன்னொரு ரேடார் சேனலுக்குப் போனால் குறைந்தது 60 விநாடி காத்துக் கேட்ட பிறகே ஒலிபரப்பலாம். 36 முதல் 48க்குள் நிலையாக வைத்துவிட்டால் இந்த வம்பு இல்லை.

இவை எல்லாம் செய்தும் சிக்னல் எட்டவில்லை என்றால்தான் கருவிகளின் முறை.

ரிப்பீட்டர்: தவிர்க்கலாம். சுவரில் செருகும் இந்தச் சின்னப் பெட்டி பெரும்பாலும் ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பிச் சொல்கிறது. அதனால் கிடைக்கும் வேகம் பாதியாகும். வேகத்தை மன்னித்துவிடலாம். ஆனால் பல ரிப்பீட்டர்கள் தம் பின்னால் உள்ள கருவிகளின் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்) மறைத்துத் தம் முகவரியையே ரூட்டருக்குக் காட்டுகின்றன. ஸ்பீக்கருக்கு நீங்கள் ஒதுக்கி வைத்த ஐபி குழம்பும், மல்டிகாஸ்ட் ஒழுங்காகக் கடக்காது, மேலே சொன்ன ஏழு பயணமும் பத்துக்கு மேல் போகும். போனில் படம் பார்க்க மட்டும் என்றால் சரி. ஸ்பீக்கர் குழுவுக்கு இது வலிக்கிற பல்லுக்குத் தைலம் தடவுவது போலத்தான்.

மெஷ்: பெரிய வீட்டுக்கு நல்லது, நிபந்தனையோடு. ஒரு முதன்மைப் பெட்டியும் சில கிளைப் பெட்டிகளும் சேர்ந்து வீடு முழுக்க ஒரே வைஃபை தருவது இது. பெட்டிகளுக்கு இடையே கேபிள் இழுத்திருந்தால் முழு மதிப்பெண். கேபிள் இல்லாவிட்டால், இரண்டு பெட்டிகளுக்கு இடையே பேச மட்டும் தனி ரேடியோ உள்ள மூன்று ரேடியோ மாடலாகப் பார்த்து எடுங்கள். மெஷ்ஷில் பலர் கவனிக்காத ஒரு தொல்லை மின்தடைக்குப் பின் வருகிறது. கரண்ட் வந்ததும் ஸ்பீக்கர் முதலில் விழித்துக்கொள்ளும். பக்கத்து கிளைப் பெட்டி இன்னும் எழுந்திருக்காது. ஸ்பீக்கர் தூரத்து முதன்மைப் பெட்டியைப் பிடித்துக்கொள்ளும். கிளைப் பெட்டி எழுந்த பிறகும் பல ஸ்பீக்கர்கள் பிடியை விடுவதில்லை. 'நேற்றுவரை நன்றாக இருந்தது' என்ற புலம்பலுக்கு இது ஒரு முக்கியக் காரணம். முதலில் மோடம், பிறகு முதன்மைப் பெட்டி, கிளைகள் முழுதாக எழுந்த பின் கடைசியாக ஸ்பீக்கர் என்ற வரிசையில் போடுங்கள். கருவியைக் குறிப்பிட்ட கிளையோடு கட்டிப்போடும் வசதி உள்ள மெஷ் கிடைத்தால் அதற்கே முன்னுரிமை.

பவர்லைன்: வயரிங்கின் தயவு. வீட்டு மின்கம்பி வழியாகவே டேட்டாவைக் கடத்தும் ஜோடிப் பெட்டி இது. இரண்டு பிளக்கும் ஒரே சர்க்யூட்டில் இருந்தால் அருமையாக ஓடும். வேறு ஃபேஸில் இருந்தாலோ சர்ஜ் புரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினாலோ படுத்துவிடும். மலிவு சார்ஜர், மோட்டார், எல்இடி டிரைவர் எல்லாமே இதற்குள் இரைச்சல் போடும். திருப்பிக் கொடுக்கும் வசதி இருந்தால் மட்டும் வாங்கிப் பாருங்கள்.

பழைய ரூட்டர்: யாரும் விளம்பரம் செய்யாத நல்ல வழி. பரணில் கிடப்பதை அக்சஸ் பாயின்ட் ஆக்கலாம். அதில் டிஹெச்சிபியை (கருவிகளுக்குத் தானாக ஐபி முகவரி வழங்கும் வசதி) நிறுத்துங்கள். முதன்மை ரூட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுங்கள், முதன்மை ரூட்டர் பிறருக்கு வழங்கும் வரம்புக்கு வெளியே அது இருக்கட்டும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் அதேதான், சேனல் மட்டும் வேறு. முதன்மை ரூட்டரிலிருந்து வரும் கேபிளை லேன் (LAN) போர்ட்டில் செருக வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: இணையம் உள்ளே வருவதற்கான வேன் (WAN) போர்ட்டில் செருகினால் மறுபடி இரட்டை ரூட்டர் கதை.

கேபிள்: முதலிடம். கேட்5இ ரகக் கேபிள் போதும், 100 மீட்டர் வரை தாங்கும். எல்லா ஸ்பீக்கருக்கும் இழுக்க வேண்டாம். குழுவைத் தொடங்கும் அறையில் உள்ள ஒன்றுக்குப் போட்டாலே வித்தியாசம் தெரியும். சோனோஸில் எந்த அறையில் பாட்டைத் தொடங்கி மற்றவற்றைச் சேர்க்கிறீர்களோ அதுவே தலைமை என்பதை நினைவில் வையுங்கள். சோனோஸ் ஒன், ஃபைவ், பீம் ஆகியவற்றில் ஈதர்நெட் போர்ட் உண்டு. எரா 100, எரா 300 இரண்டுக்கும் தனியாக விற்கப்படும் யுஎஸ்பி-சி அடாப்டர் வேண்டும். அந்த விலையில் ஒரு போர்ட் வைத்திருக்கலாம். ஹோம்பாட், நெஸ்ட் ஆடியோ இரண்டிலும் கேபிளுக்கு இடமே இல்லை. அவை இருக்கும் வீட்டில் அக்சஸ் பாயின்ட்தான் வழி.

கேபிள் போட்டவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு கண்ணி உண்டு. சோனோஸின் பழைய மாடல்களில் ஒன்றை ரூட்டரில் செருகினால் அவை சோனோஸ்நெட் என்ற சொந்த நெட்வொர்க்கை 2.4 கிகாஹெர்ட்ஸில் அமைத்துக்கொள்ளும். ரூட்டர் சேனல் 1 என்றால் சோனோஸ்நெட்டை ஆப்பின் நெட்வொர்க் பகுதியில் 6 அல்லது 11க்கு மாற்றுங்கள். இரண்டும் ஒரே சேனலில் மோதினால் கேபிள் போட்டும் திக்கும். இரண்டு ஸ்பீக்கருக்கு கேபிள் போட்டால் கம்பிவழி ஒன்று, காற்றுவழி ஒன்று என ஒரு வளையம் உருவாகும். ஸ்பானிங் ட்ரீ என்ற நெறி அதை அறுத்துவிட வேண்டும். நடுவில் இருக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் (பல கேபிள்களை இணைக்கும் பெட்டி) அதை ஒழுங்காகக் கையாளாவிட்டால் வீட்டு நெட்வொர்க் மொத்தமும் ஸ்தம்பிக்கும். கேபிளைச் செருகியவுடன் எல்லாம் நின்றுபோனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். எரா வரிசையில் சோனோஸ்நெட் இல்லாததால் இந்தக் கண்ணியும் இல்லை.

புது ரூட்டர் வாங்கியவுடன் பழைய ஸ்பீக்கர் இணையவே மறுத்தால் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருக்கிறதா பாருங்கள். டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலந்த நிலைக்கோ, அதுவும் சேராவிட்டால் 2.4 பகுதியை மட்டும் டபிள்யூபிஏ2க்கோ மாற்றினால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். வைஃபைமேல் பழிபோடக் கூடாத கோளாறுகளும் வரும்: 2025 மார்ச்சில் கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ கருவிகள் திடீரென வேலை நிறுத்தம் செய்தன, காரணம் அவற்றுக்குள் காலாவதியான டிஜிட்டல் சான்றிதழ். அந்த மாதிரி நாளில் ரூட்டரை நோண்டினால் நல்லதும் கெட்டுப்போகும்.

எதை வாங்கினாலும் திருப்பித் தரும் அவகாசத்துக்குள் அதே 200 பிங் சோதனையை மறுபடி செய்யுங்கள். எல்லா ஸ்பீக்கரையும் குழுவாக ஓடவிட்டு, மைக்ரோவேவில் ஒரு கோப்பைத் தண்ணீரைச் சுடவைத்துக்கொண்டே செய்தால் இன்னும் நல்லது. பழைய எண்களோடு ஒப்பிடும்போது தாவல் குறையவில்லை என்றால் பெட்டியை மூடித் திருப்பி அனுப்பிவிடலாம்.