ரோஸ் கலர் மவுத்வாஷ்: வெத்தலையும் காபியும் ஓடுற வீட்டுக்கு சரிப்படுமா?

எங்க அத்தைக்கு ஈறு வீங்கி, பிரஷ் பட்டாலே ரத்தம். கும்பகோணத்துல பல் டாக்டர் கிளீனிங் பண்ணிட்டு குளோர்ஹெக்சிடின்ங்கிற கிருமிக்கொல்லி மருந்து 0.2 சதவீதம் உள்ள மவுத்வாஷ் எழுதிக் குடுத்தாங்க, மெடிக்கல்ல ரோஸ் கலர்ல இருக்கும்ல அதான். காலைல 10 மில்லி, ராத்திரி 10 மில்லி, வாயில வச்சு நல்லா அலசித் துப்பணும், ரெண்டு வாரம் போதும்னாங்க.

வேலை செய்யுதான்னா செய்யுது, ரத்தம் நின்னுச்சு, வீக்கமும் வத்திருச்சு (பாதி புண்ணியம் கிளீனிங்குக்குத்தான்னு நான் சொல்லுவேன்). ஆனா நாக்குல உப்பு தெரியாம போயிருச்சு. சாம்பார்ல உப்பே இல்லன்னு அத்தை டெய்லி என்னைய ஒரு பிடி பிடிச்சாங்க, பக்கத்துலயே மாமா அதே சாம்பார ரெண்டாவது தடவ ஊத்திக்கிறாரு! இந்த மருந்துக்கு அந்த குணம் உண்டுங்க, நிறுத்துனா ருசி திரும்பிரும்.

பெரிய தொல்லை கறை. பல்லு இடுக்குல பிரவுனா படியும், காபி டீ குடிச்சா இன்னும் ஜாஸ்தி. இந்த ஊர்ல இருந்துகிட்டு டிகிரி காபி வேணாம் வெத்தலை வேணாம்னா யாரு கேப்பா, அதுலயும் கும்பகோணம் வெத்தலைக்கு 2025ல புவிசார் குறியீடு வேற கெடச்சிருச்சு, அத்தை அத ஏதோ தனக்கே குடுத்த பட்டம்னு நெனச்சுகிட்டு இருக்காங்க. அதனால காபி வெத்தலையெல்லாம் முடிச்சிட்டு அப்பறமா கொப்புளிங்க, கொப்புளிச்ச கையோட டம்ளர தூக்காதீங்க. பல்லு வெளக்குன உடனேயும் வேணாம், பேஸ்ட்ல நுரைக்காக போடற சமாச்சாரம் இந்த மருந்த அடக்கிரும், அரை மணி நேரமாவது விடுங்க. மெடிக்கல்ல இதெல்லாம் யாரும் சொல்லல.

சூப்பர் மார்க்கெட்ல விக்கிற நீலம் பச்சை பாட்டில் எல்லாம் வேற ரகம், முக்கியமா வாய் வாடைக்கு வாங்குறது. அதுல ஒண்ணான லிஸ்டரின் 1879ல வந்தப்ப ஆபரேஷனுக்கான கிருமிநாசினி, அதுல உள்ள தைமால் நம்ம ஓமத்துலயும் இருக்கு, மோந்து பாத்தா தெரியும். எரிச்சல் தாங்காதவங்க ஆல்கஹால் இல்லாதத கேட்டு வாங்குங்க. 6 வயசுக்கு உட்பட்ட புள்ளைங்களுக்கு எதுவும் குடுக்காதீங்க, துப்பாம முழுங்கிருவாங்க.

ரோஸ் பாட்டிலுக்கு 5க்கு 4, அதுவும் டாக்டர் சொன்னா மட்டும். சும்மா தினமும் ஊத்துறதுக்கு வெதுவெதுன்னு உப்புத்தண்ணியே போதும், பிரஷுக்கு பதிலா எதுவும் ஆகாது. வெத்தலையோட பொகையிலையும் அடக்குறவங்க, வாயில புண்ணு ரெண்டு வாரம் தாண்டியும் ஆறலன்னா மவுத்வாஷ் வாங்க மெடிக்கலுக்குப் போகாதீங்க, நேரா டாக்டர்கிட்ட காட்டுங்க.